மோரும் பின்னும்: நோ மருந்துகளுக்குக் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதும் விதம்

மோர்பின் என்ற சொல்லை வெட்டினால் மோர், பின் என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் கையில் விழும். "மோர், பின் வந்தால் கடும் நோவுக்கு மருந்து (4)" என்று எழுதுங்கள். வாசிப்பவருக்கு மோர்ச்சட்டிதான் ஞாபகம் வரும். "மோருக்குப் பின்" என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த உருபுக்கு விடையில் இடமில்லை, விடை கண்டவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது விடைக்கான கட்டங்களின் எண்ணிக்கை. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம்: மோ, ர், பி, ன். தமிழகத்தார் மார்பின் என்றும் எழுதுவார்கள். அதுவும் 4 கட்டந்தான். "நெஞ்சினுடைய நோ மருந்து" என்ற இரட்டைப் பொருள் குறிப்புக்கு அந்த எழுத்துமுறை அருமை. ஆனால் யாழ்ப்பாணத்து வாயில் வருவது மோ. ஆகவே முதற்கட்டத்தில் மேலிருந்து கீழாக மோதகம் போன்ற சொல் ஒன்றைக் கட்டாயம் இறக்குங்கள். 2ஆம், 4ஆம் கட்டங்களில் மெய் நிற்பதால் அங்கே எந்தச் சொல்லும் தொடங்காது. 3ஆம் கட்டத்தில் பிட்டு இறங்கும். கடைசி ன் மேல், மேலிருந்து வரும் முருகன் வந்து முடியலாம்.

வெறுமனே "நோ மருந்து (4)" என்று விட்டால் பனடோலும் பொருந்தும். அது மோர்பினைப் போல அபின் வகையே இல்லை. "கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரை வாங்கிய மருந்து" என்றால் பனடோல் கழன்றுவிடும்.

அபின் சுலபம்: "அகரத்தின் பின் மயக்கம் (3)". இங்கே "இன்" உருபு உறுத்துகிறது என்பவர்கள் "அ, பின் மயக்கம்" என்று எழுதலாம். அழகு கொஞ்சம் குறையும். எழுத்துகளைக் குலைத்துப் போடும் வித்தை இந்த மருந்துகளிடம் பலிக்காது. முக்கால்வாசிப் பெயர் ன் என்று முடிகிறது, அந்த ன்னை முன்னுக்குக் கொண்டுவர முடியாது.

கழிக்கும் வித்தைக்குக் கோடீன் இருக்கிறது. கோடீஸ்வரனிலிருந்து ஸ், வ, ர மூன்றையும் எடுத்தால் மிச்சம் கோடீன்: "கோடீஸ்வரன் ஸ்வர வரிசையை விட்டால் இருமல் அடங்கும் (3)". "ஸ்வரம்" என்று எழுதினால் கடைசி ம் இடிக்கும். நேர்க்குறிப்பு வேண்டுமென்றால் "1832இல் அபினிலிருந்து பிரித்தெடுத்தது" போதும்.

பொருள் விளக்கத்தில்தான் அதிகம் சறுக்குவது. பெத்திடின் என்ற நோ மருந்து ஆய்வுகூடத்தில் செய்வது. அதற்குச் "செடியின் பால்" என்று எழுதினால் பிழை. நலொக்சோன் நோ மருந்தே அல்ல, அபின் வகை மருந்து அளவு மீறியவருக்குக் கொடுக்கும் மாற்று மருந்து.

கசகசாவை எழுதும்போது இன்னும் கவனம். "புழுக்கத்தில் உடம்பு கடைசியில் நீண்டால் அபின் செடியின் விதை (4)" என்றால் கசகச என்பது நீண்டு கசகசா என்று விடை வரும். ஆனால் நல்லூரடி ஐஸ்கிரீம் கடையில் பலூடாவுக்குள் மிதக்கும் கறுப்பு விதையையும் இங்கே கசகசா என்றுதான் சொல்கிறோம். அது திருநீற்றுப்பச்சை விதை. அதனால் "அபின் செடியின் வெள்ளை விதை" என்றே போடுங்கள்.