நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் குறைவதைக் காணத் தவறும் இடங்கள்

சென்ற மாதம் சிங்கப்பூரின் ஈசூனில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள ஒரு பெரியவரின் வீட்டுக்கு, புதிதாகச் சேர்ந்த இல்லத் தாதி ஒருவரை அழைத்துச் சென்றேன். “இன்று எரிச்சலாக இருக்கிறார்” என்று மட்டும் அவர் குறிப்பேட்டில் எழுதினார். நானும் ஒரு காலத்தில் அதையே எழுதியவள். மூச்சிரைப்பு யார் கண்ணுக்கும் தெரியும் என்பதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

குணமாற்றத்தை வயதின்மேல் போடுவது

தோ பாயோவில் நான் பார்த்துவந்த முதியவர், கதவு திறந்ததும் நலம் விசாரிப்பவர். ஒருநாள் காப்பி ஆறிவிட்டதென்று மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. சாப்பிட்டாரா என்பதும் அவருக்கு நினைவில்லை. “வயசாயிடுச்சு மிஸ்ஸி, ராத்திரி தூக்கமில்ல” என்று அந்த அம்மா சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். காலையில் மகள் அளந்தபோது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91 விழுக்காடு இருந்ததால், அதை விரலில் மாட்டி அளக்கும் கருவியைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை. மாலையில் ஆம்புலன்ஸ் வந்தபோது அளவு 79. பல வாரங்கள் கழித்து வீடு திரும்பியவரால் கழிவறைவரைகூடத் தனியாக நடக்க முடியவில்லை.

ஆக்சிஜன் குறைவை மூளை தாங்காது என்பதால், குழப்பம், படபடப்பு, காரணமில்லாத கோபம் ஆகியவை நெஞ்சில் பெரிய மாற்றம் தெரியாதபோதும் தலைகாட்டலாம். கரியமில வாயு உடலில் தேங்கினால் காலைத் தலைவலியும் அளவுமீறிய உறக்கமும் வரும். அந்த உறக்கத்தை “நிம்மதியாகத் தூங்குகிறார்” என்று குடும்பத்தார் சொல்லக் கேட்கும்போது இன்றும் என் மனம் பதறுகிறது. நேற்று எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேளுங்கள். இன்று என்ன கிழமை என்று அவரிடம் கேளுங்கள். உடனே அளந்து பாருங்கள்.

நகத்தில் மட்டும் நீலம் தேடுவது

ஆக்சிஜன் குறைவால் வரும் நீலம் கருமேனியில் எளிதில் புலப்படாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரத்தசோகை இருந்தால் அங்கும் நீலம் தாமதமாகவே தெரியும்.

கருவியின் எண்ணை முடிவாகக் கொள்வது

2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. நம் நிறத்தவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குளிர்ந்த விரலும் அடர்ந்த நகச்சாயமும் அளவைக் கெடுக்கும்.

உட்கார வைத்தே அளப்பது

நடந்த பிறகும் அளக்க வேண்டும்.

தாமாகவே ஆக்சிஜனைக் கூட்டுவது

கரியமில வாயு தேங்கக்கூடிய நோயாளிக்கு 88 முதல் 92 விழுக்காடே வழக்கமான இலக்கு. மிகுதியான ஆக்சிஜன் அவருடைய உறக்கத்தை மயக்கமாக்கிவிடக்கூடும். மருத்துவர் குறித்த அளவை மாற்றாமல், குழப்பமோ எழுப்ப முடியாத உறக்கமோ கண்டால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.