“என் வாழ்க்கை முழுவதும் உமக்கே” என்று ஜெபித்தபின் நாம் செய்யும் தவறுகள்

கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாள் இரவு, ஒப்புக்கொடுக்கிற நேரம் வந்ததும் கை தூக்குகிறவர்களில் இளைஞர்கள்தான் அதிகம். “என் வாழ்க்கை முழுவதும் உமக்குத்தான் ஆண்டவரே” என்று அழுது ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஜெபம் உண்மையான ஜெபம். ஆனால் மறுநாள் காலை சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முழுவதும் என்று சொன்னோமே, அதில் எதெல்லாம் சேரும் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. சொல்லித் தராததால் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன, சேலத்திலும் நடக்கின்றன, மேலே ஏற்காட்டிலும் நடக்கின்றன.

முதல் தவறு, உடனே வேலையை விடுவது. முழு வாழ்க்கையையும் கொடுப்பது என்றால் முழுநேர ஊழியத்துக்குப் போவது என்று நம் சபைகளில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சிலரை தேவன் அப்படி அழைக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. எல்லோரையும் அப்படி அழைப்பதில்லை. லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிறவர்களும் போர்ச்சேவகரும் வந்து “நாங்கள் என்ன செய்யவேண்டும்” என்று கேட்கிறார்கள். ரோமருக்காக வரி பிடுங்குகிற அந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் சொன்னது வேறு: விதித்ததற்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. அதே நாற்காலியில் வேறு மனுஷனாக உட்காரச் சொன்னார். பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார். ஆகவே தம்பி, தங்கச்சி, வீட்டுக்கடன் பாதியில் நிற்கும்போது ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். ஊழியத்துக்குப் போகவேண்டும் என்கிற அந்தப் பாரம் தேவனிடமிருந்து வந்ததென்றால் ஒரு வருஷம் பொறுத்தாலும் குறையாது. அதற்குள் வீட்டிலும் பேசுங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த மூத்த விசுவாசிகளிடமும் பேசுங்கள்.

அடுத்தது நான் மிகப் பெரியதாக நினைப்பது, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிட்டு மற்ற ஆறு நாளையும் தனியாக வைத்துக்கொள்வது. சபையில் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகையில் ஏலம் நடக்கும் அல்லவா, ஒரு பூசணிக்காயைப் பல ஆயிரத்துக்கு ஒருவர் எடுப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள், அது நல்ல சந்தோஷம்தான். ஆனால் அவருடைய தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த பெண்களின் கூலி மூன்று வாரமாக நிற்கிறது என்றால் அந்த ஏலத் தொகை யாருடைய பணம்? “கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்று லேவியராகமம் 19-ல் இருக்கிறது. விடியும்வரைகூட இல்லை. கிலோ கணக்கில் கூலி போடுகிற இடத்தில் சாயங்காலம் சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். சாக்கு எடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் நோட்டில் ஏறும். அந்தக் கழிவு நியாயமானதா, மேஸ்திரி மனம்போனபடி போடுவதா என்பது முதலாளிக்குத் தெரியும், பழக்கூடையோடு நிற்கிற அந்த அம்மாவுக்கும் தெரியும். அந்தத் தராசுதான் முதலாளியின் ஆராதனை நடக்கிற இடம்.

ஆமோஸ் தீர்க்கதரிசி 8-ஆம் அதிகாரத்தில் சிலரைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் ஓய்வுநாளை விடாமல் ஆசரிக்கிறவர்கள். ஆசரித்துக்கொண்டே, இது எப்போது முடியும், எப்போது போய்க் கடையைத் திறந்து அளவைக் குறைத்து விலையைக் கூட்டி விற்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். 5-ஆம் அதிகாரத்தில் தேவன் அப்படிப்பட்டவர்களின் பாட்டையே எனக்கு வேண்டாம் என்கிறார், நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். நம் ஊர்த் தொழில்களுக்கு இது அப்படியே பொருந்தும். கொலுசுப் பட்டறையில் சொன்ன டச் (வெள்ளியின் தரம்) ஒன்று, போட்ட வெள்ளி ஒன்று என்றால், சேகோ பாக்டரியில் மரவள்ளி மாவோடு மக்காச்சோள மாவைக் கலந்து, வெளுப்புக்கு மருந்து போட்டு மூட்டை தைத்தால், காலையில் ஊதுவத்தி மணக்க மணக்க ஜெபம் பண்ணினாலும் சரி, கீபோர்டோடு இரண்டு மணி நேரம் ஆராதித்தாலும் சரி, ஒன்றும் மேலே போய்ச் சேராது. இயேசு பரிசேயரிடம் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்றது இதைத்தான். வரி வசூலிக்கிறவனான சகேயுவைப் பாருங்கள், அவன் ஒப்புக்கொடுத்த அன்றைக்கே கணக்குப் புத்தகத்துக்குப் போனான். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. யாரும் அவனிடம் கேட்கக்கூட இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வேலை நேரத்தில் கவுண்டருக்குக் கீழே போனில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு வாடிக்கையாளரைக் காக்க வைப்பது பக்தி ஆகாது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதியபோது, பவுல் அதை அடிமை வேலை செய்தவர்களுக்குத்தான் எழுதினார்.

அப்புறம், கடவுளைக் காரணம் காட்டி வீட்டைக் கைவிடுவது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இயேசுவின் காலத்தில் கொர்பான் என்று ஒரு வழக்கம், பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லிக் கழன்றுகொள்வது. மாற்கு 7-ல் அதை இயேசு கடுமையாகக் கண்டித்தார். இன்றைக்கு ஒரு அப்பா திங்கள் உபவாச ஜெபம், புதன் வீட்டுக்கூட்டம், வெள்ளி முழு இரவு ஜெபம், சனி ஊழியப் பயணம் என்று போய்விடுகிறார். பிள்ளை பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கூட்டத்துக்கு வருகிற இருபது பேருக்கும் காப்பி போட்டு, பாத்திரம் கழுவி, ஒரு பாட்டுக்குக்கூட ஹாலில் வந்து உட்காராத மனைவியை யாரும் கவனிப்பதும் இல்லை. தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது, அது மென்மையான வசனம் இல்லை. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியாக எடுத்து வைப்பார்களே, அந்தப் பிடியரிசியில் அடுப்படியும் ஆராதனைக்குள் வந்துவிட்டது. அந்தப் புரிதல் இப்போது குறைந்துவிட்டது என்பது என் வருத்தம்.

இன்னொன்று, தேவனுக்குக் கொடுப்பதாக நினைத்து ஒரு மனிதரின் கையில் கொடுத்துவிடுவது. “எல்லாவற்றையும் ஒப்புக்கொடு” என்று சொல்லி நகையைக் கழற்றச் சொல்கிறவர், வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறவர், யாரைக் கல்யாணம் செய்வது என்று தானே தீர்மானிக்கிறவர், கணக்குக் கேட்டால் சாபம் வரும் என்கிறவர், இவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு அனனியா பொய் சொன்னபோதுகூட பேதுரு அவனிடம், “அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?” என்றுதான் கேட்டார். கொடுக்காமல் இருக்க அவனுக்கு உரிமை இருந்தது, குற்றம் பொய்யில் இருந்தது. கட்டாயம் என்பது அப்போஸ்தலரிடமே இல்லாதபோது இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

இத்தனைக்கும் அடியில் ஒரு தவறு இருக்கிறது: கடவுளிடம் எதையாவது வாங்குவதற்காக நம்மைக் கொடுப்பது. விசா கிடைத்தால், குழந்தை பிறந்தால், கடன் தீர்ந்தால் என்று பேரம் வைத்த ஒப்புக்கொடுத்தல் அந்தக் காரியம் முடிந்ததும் தானாக முடிந்துவிடும், நடக்காமல் போனால் கசப்பாக மாறும். ரோமர் 12-ல் சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் சொல்வதற்கு முன் வருகிற பதினொரு அதிகாரங்களில் பெரும்பாலும் தேவன் ஏற்கெனவே செய்ததைப் பற்றித்தான் பேசுகிறார். “தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு” என்றுதான் அந்த வசனத்தில் வேண்டிக்கொள்கிறார். இரக்கம் முதலில் வந்துவிட்டது. நாம் நம்மைக் கொடுப்பது அதற்கு மறுமொழியாகத்தான், அதனால் பயத்தோடு எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. இது உள்ளே இறங்காதவர்கள்தான் ஓய்வே எடுக்காமல் ஓடி ஓடி ஒருநாள் படுத்துவிடுகிறார்கள். சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான்.

கடைசியாக, தன்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிற தவறு. பக்கவாதம் வந்து படுத்திருக்கிற மாமியாரைத் தினமும் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிற மருமகள், “நான் சபைக்கு வந்தே மாசக்கணக்காச்சுங்க, என் ஆவிக்குரிய வாழ்க்கையே போச்சு” என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. அக்கா, உங்கள் சரீரத்தைத்தானே தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், தேவன் அதைத்தானே கேட்டார். ஆனாலும் இதைச் சொல்லிவிட்டு சபை சும்மா இருந்துவிடக் கூடாது. திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி ஆயரிடம் கேளுங்கள், வருவார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறவர்கள் முறை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை ஒருவர் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அந்த மருமகள் ஒரு வாரமாவது கோயிலுக்கு வந்து பாடிவிட்டுப் போகட்டும்.