பனிக்கு அடியில் மறைந்த கடலைக் கண்டறிவது எப்படி: மலையக மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

யுரோப்பாவின் கடலை இதுவரை எவரும் நேரில் கண்டதில்லை. வியாழனைச் சுற்றும் அந்தச் சந்திரன் முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கிறது. அப்பனி 15 முதல் 25 கிலோமீற்றர் வரை தடித்தது என்பது பரவலான மதிப்பீடு. ஆயினும் அதற்கு அடியில் பூமியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்தால் வரும் நீரைப் போல ஏறக்குறைய இருமடங்கு நீர் இருப்பதாக விஞ்ஞானிகள் கணிக்கின்றனர். அவர்கள் அந்த முடிவுக்கு வந்த பாதையை உயர்தரப் பௌதிகவியல் மாணவர் ஒருவர் தம் தோட்டப் பாடசாலையில் இருந்தபடியே பெருமளவு பின்தொடரலாம். அதற்கு 10×50 பைனோகுலர் ஒன்று, அதைத் தாங்க ஒரு முக்காலி, பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தம், தடித்த அலுமினியத் தகடு, இரண்டு முட்டைகள், இணையத்துடன் இணைந்த கணினி ஆகியவை போதும்.

முதலில் சந்திரன்களை வானில் பாருங்கள். 2027 பெப்ரவரியில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவதால் இரவு முழுவதும் தெரியும். அம்மாதம் மலையகத்திற்கு இருபுறமும் வாய்ப்பானது: அட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் காலம் இருக்கும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்து வடகீழ்ப் பருவமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். நள்ளிரவில் வியாழன் நம் உச்சிக்கு மிக அருகே நிற்குமாதலால், கழுத்தை வளைத்து வருந்தாமல், பனி ஈரம் ஏறாத படங்கு ஒன்றை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பதே நல்லது. நுவரெலியாவின் மூடுபனியுடன் வாதாடிப் பயனில்லை. அது இறங்கிவிட்டால் குறிப்பேட்டில் அன்றைய இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில், நான்கு சந்திரன்களும் வியாழனின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில், எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்று வரையுங்கள். கலிலியோ 1610 ஜனவரியில் செய்ததும் இதுவே. எது எந்தச் சந்திரன் என்பதை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் சொல்லிவிடும்; எனினும் நீங்கள் வரைந்து முடித்த பிறகே அதைத் திறக்க வேண்டும். சில வாரங்களில் இயோ 1.77, யுரோப்பா 3.55, கனிமீட் 7.15 நாட்களில் சுற்றுவது உங்கள் வரைபிலிருந்தே ஓரளவு புலப்படும். இவ்வெண்களின் விகிதம் ஏறக்குறைய 1:2:4 என்பதைக் கவனியுங்கள். சுற்றுக்காலங்கள் இப்படி ஒத்திசையும் இந்தப் பரிவினால் யுரோப்பாவின் பாதை முழு வட்டமாக மாறாமல் சற்றே நீள்வட்டமாக நீடிக்கிறது; ஆகவே வியாழனின் ஈர்ப்பு அதனை ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தியும் தளர்த்தியும் பிசைகிறது, அந்த உராய்வு வெப்பமாகிறது. சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் நீர் உறையாமலிருக்க இது காரணம் தருகிறது. ஆனால் காரணம் இருப்பது கடல் இருப்பதற்குச் சான்றாகாது.

சான்று காந்தப்புலத்தில் கிடைத்தது. ஆகவே இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அலுமினியத் தகட்டைச் சாய்த்து வைத்துக் காந்தத்தை வழுக்கி விடுங்கள்; அதே சாய்வில் உள்ள பலகையில் விழுவதைவிட அது மெதுவாக இறங்கும். அலுமினியம் காந்தத்தால் கவரப்படுவதில்லை. மாறும் புலம் அதனுள் மின்னோட்டத்தைத் தூண்ட, அவ்வோட்டம் எதிர்ப்புலம் ஒன்றை உருவாக்குகிறது. யுரோப்பாவிலும் நிகழ்வது இதே தூண்டல்தான். வியாழனின் காந்த அச்சு சுழலச்சிலிருந்து ஏறக்குறைய 10 பாகை சாய்ந்திருப்பதால், யுரோப்பா உணரும் புலம் ஏறத்தாழ 11.2 மணித்தியாலத்திற்கு ஒருமுறை திசை மாறி மீள்கிறது. உள்ளே கடத்தி ஒன்று இருந்தால், அது பதிலுக்கு ஒரு புலத்தை எழுப்பியே ஆக வேண்டும்.

அலுமினியத்துக்குப் பதிலாக ஒரு வாளி உப்பு நீரை வைத்துச் செய்து காட்டலாமே என்று ஆசிரியர் சிலருக்குத் தோன்றலாம். செய்ய வேண்டாம், விளைவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கடல்நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு 4 சீமன்ஸ் அளவே, அலுமினியத்தினுடையதோ அதைவிடப் பல மில்லியன் மடங்கு. மாறும் புலம் ஒரு கடத்திக்குள் எவ்வளவு ஆழம் புகும் என்பதை அறிய, ஊடுபுகவிடுமியல்பு, கடத்துதிறன், கோண அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் 2 ஐ வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். செக்கனுக்கு 5 தடவை காந்தத்தை ஆட்டினாலும் கடல்நீரில் விடை 100 மீற்றருக்கு மேல் வரும். வாளியின் ஆழம் அதற்கு ஒரு பொருட்டேயல்ல. 11.2 மணித்தியாலச் சுழற்சிக்கு விடை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வாளியளவு நீரால் அல்ல, சந்திரன் முழுவதையும் சூழ்ந்த ஆழமான உப்புக் கடலால்தான் வியாழனுக்கு அழுத்தமாகப் பதில் சொல்ல முடியும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

அடுத்து, உண்மையான தரவை வரையுங்கள். கலிலியோ விண்கலத்தின் காந்தமானி அளவீடுகள் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் எவரும் இலவசமாகப் பெறும்படி உள்ளன. யுரோப்பாவை அக்கலம் நெருங்கிக் கடந்த சந்திப்புகளில் 1996 டிசம்பர், 1998 மார்ச், 2000 ஜனவரி 3 ஆகிய மூன்றையும் எடுத்து, வியாழனை நோக்கிய திசையிலான புலக்கூறை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். முதல் இரண்டிலும் வியாழனின் பின்னணிப் புலம் ஒரு திசையிலும், மூன்றாவதில் எதிர்த் திசையிலும் இருந்தது. யுரோப்பாவின் பங்கும் அதற்கேற்பத் திசை மாறியிருந்தது. மார்கரெட் கிவெல்சன் தலைமையிலான குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட வாதம் இதுவே. இங்கே மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். நிலையான காந்தம் என்றால் திசை மாறியிராது. உலோகக் கருவம் என்றால், தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கேற்பப் புலம் குறைவதால் வெளியே மிக மெலிந்திருக்கும். பனி நன்றாகக் கடத்தாது. யுரோப்பாவைச் சூழ்ந்த மின்னேற்றத் துகள் படையான அயனமண்டலமோ போதிய அடர்த்தியற்றது. மேற்பரப்புக்குச் சற்றே கீழுள்ள உப்புநீர்தான் எஞ்சுகிறது.

சனியின் சந்திரனான என்செலடஸுக்கு வேறொரு வழி உண்டு. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் மேசையில் சுழற்றி, விரலால் நொடிப்பொழுது நிறுத்தி விடுங்கள்: பச்சை முட்டை மீண்டும் சுழலத் தொடங்கும், ஏனெனில் உள்ளிருக்கும் திரவம் ஓட்டுடன் சேர்ந்து நின்றுவிடவில்லை. காசினி விண்கலம் பல ஆண்டுகளாக எடுத்த படங்களில் என்செலடஸின் மேற்பரப்புக் குறிகளை அளந்த ஆய்வாளர்கள், அது தன் சுழற்சியில் 0.12 பாகை முன்னும் பின்னும் ஊசலாடுவதை 2015 இல் அறிவித்தனர். ஆரை 252 கிலோமீற்றர் என்று கொண்டு கணக்கிட்டால் அது நடுக்கோட்டில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். பனி ஓடு பாறைக் கருவத்தில் ஒட்டியிருந்தால் ஊசல் இதைவிட மிகச் சிறிதாகவே இருக்கும். ஆகவே ஓடு முழுச் சந்திரனையும் சூழ்ந்த நீரின்மேல் மிதக்கிறது. தென்துருவத்திலிருந்து பீறிடும் நீராவித் தாரைகள் 2005 இலேயே தெரிந்தன என்பது உண்மையே. ஆனால் தாரைக்கு ஓர் உள்ளூர் நீர்த்தேக்கமே போதும். கடல் முழுவதும் பரந்தது என்பதை உறுதிசெய்தது ஊசல்தான்.

கனிமீட்டில் துருவ ஒளிவளையங்களின் அசைவை ஹபிள் தொலைநோக்கி அளந்தது. உப்புக் கடலில் தூண்டப்படும் எதிர்ப்புலம் அந்த அசைவைத் தணிக்கும்: கடல் இல்லையெனில் 6 பாகை அசைய வேண்டியது 2 பாகையே அசைந்ததாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. யுரோப்பாவிலும் நீர்த்தாரைகள் எழுவதாக ஹபிள் படங்களை வைத்துச் சொல்லப்பட்டதை நான் சான்றுப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அவை கருவியின் கண்டறியும் எல்லைக்கு மிக அருகில் நிற்கின்றன.

குறிப்பேட்டில் ஒவ்வொரு சந்திரனுக்கும் எதிரே, எந்த அளவீடு, எந்த மாற்று விளக்கத்தை அது விலக்குகிறது, எது இன்னும் விலகவில்லை என மூன்று நிரல்கள் வையுங்கள். யுரோப்பாவின் மூன்றாம் நிரலில் பனியின் தடிப்பை எழுதலாம்; காந்தப்புலத்தால் அதைத் துல்லியமாகக் கூற முடியவில்லை. 2024 ஒக்டோபரில் ஏவப்பட்ட யுரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, 49 தடவை யுரோப்பாவை நெருங்கிக் கடக்கும்போது, அதன் ராடார் பனிக்குள் அலைகளைச் செலுத்தி அந்தத் தடிப்பை நேரடியாக அளக்க முயலும். அதன் அளவீடுகளும் பொதுவில் வெளியிடப்படும் என்பதால், அந்த நிரலில் இடம் விட்டு வையுங்கள்.