சவரக்கத்தியில் சவரம்: கன்னத்தில் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

2024 கோடையில், பெங்களூரில் போர்வெல்கள் வற்றி டேங்கர் லாரிக்காகக் காத்துக்கிடந்த மாதங்களில்தான் நான் சவரக்கத்தியைக் கையில் எடுத்தேன். முதல் மூன்று மாதமும் கன்னம் எரிந்தது. முடி வெட்டுப்படுவது போலவே இல்லை, யாரோ பிடுங்குவது போல இருந்தது. கை பழகவில்லை என்று நினைத்துக் கத்தியின் சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கையில் இல்லை. ஒன்று கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில் இருந்தது, இன்னொன்று குழாய்த் தண்ணீரில் இருந்தது. இந்த இரண்டையும் அப்போதே யாராவது சொல்லியிருந்தால் அத்தனை எரிச்சல் பட்டிருக்க மாட்டேன். அதனால் இங்கே அவற்றைத்தான் நிதானமாக எழுதுகிறேன்.

எந்தக் கத்தி வாங்குவது

சலூனில் நாம் பார்ப்பது வேறு கத்தி. பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை அதில் செருகுவார்கள். ஆளுக்கு ஒரு புது பிளேடு போட்டுக்கொள்ளலாம் என்பதால் சலூனுக்கு அதுதான் சரி. நான் சொல்வது, அலகையே தீட்டித் தீட்டி வருடக்கணக்கில் பயன்படுத்தும் பழைய ரகம். முதலில் பாதி பிளேடு கத்தியில் பழகிவிட்டு இதற்கு வரலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது எடையே இல்லாத கத்தி, சாய்வு கொஞ்சம் பிசகினாலும் கீறிவிடும். தீட்டிய கத்தியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19. இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். முனை வட்டமாக இருக்கட்டும், கூர்முனை காது மடலைப் பதம் பார்த்துவிடும். எஃகில் என் தேர்வு கார்பன் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காதுதான், ஆனால் கார்பன் ஸ்டீல் சீக்கிரம் தீட்டுப்படும்.

சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் பழைய கத்திகள் கண்ணில் படலாம். கத்திக்குப் பெயர்போன ஊர்களான சோலிங்கன், ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வாயைப் பாருங்கள். வாயோரம் துருக்குழி இருந்தாலோ, மயிரிழை அளவு விரிசல் இருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். வாய்க்கு எதிரே தடித்திருக்கும் முதுகில் உள்ள துரு பரவாயில்லை, தேய்த்து எடுத்துவிடலாம்.

புதுக் கத்தி என்றால் கூரான கத்தி என்று அர்த்தமில்லை

என் கத்தி பளபளவென்று பெட்டியில் வந்தது. பேப்பரை வைத்து இழுத்தேன், சர்ரென்று வெட்டியது. அதை நம்பி நேராகக் கன்னத்தில் வைத்தேன். பேப்பரை வெட்டும் கூர் வேறு, தாடி முடியை வெட்டும் கூர் வேறு. தொழிற்சாலையிலிருந்து வரும் பல கத்திகளைக் கல்லில் முழுதாகத் தீட்டி முடித்திருக்க மாட்டார்கள். வாங்கும்போதே "சவரத்துக்குத் தயாராகத் தீட்டியதா?" என்று கேளுங்கள். பதிலில் இழுவை தெரிந்தால், சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுத்து வாங்கிய பிறகு ஆரம்பியுங்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை தேர்ந்தவர். ஆனால் சுற்றும் சாணைச் சக்கரத்தின் சூட்டில் இவ்வளவு மெல்லிய வாய் பதம் இழந்துவிடும். சமையலறைக் கத்திக்கு வைத்திருக்கும் கார்போரண்டம் கல்லும் ஆகாது, அது ரொம்பவும் சொரசொரப்பு. சவரக்கத்திக்கு 1000-ம் எண் கல்லில் ஆரம்பித்து 4000, 8000, 12000 என்று படிப்படியாக நைசாகிக்கொண்டே போகும் கற்கள் வேண்டும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தபடி தீட்ட வேண்டும். முதல் வருடம் அதில் இறங்காதீர்கள் என்பதே என் கருத்து. நல்ல வாய் எப்படி வெட்டும் என்று கன்னத்துக்குத் தெரிந்த பிறகு கல்லை எடுத்தால் போதும்.

தோல் வார்: நான் சறுக்கிய இடம்

கல் கத்திக்குக் கூர் கொடுக்கிறது. அந்தக் கூர் அடுத்தடுத்த சவரங்களில் லேசாக வளையும். அதை நிமிர்த்திச் சீராக்குவது வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் வாரில் தீட்டியே ஆக வேண்டும். கடையில் ஸ்ட்ராப் என்று கேட்டால்தான் புரியும்.

நானும் ஒழுங்காகத் தினமும் தீட்டினேன். தீட்டத் தீட்ட கத்தி மோசமாகிக்கொண்டே போனது. அல்சூரில் என் அக்கா வீட்டுத் தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் பெரியவர், பாதி பிளேடு வருவதற்கு முன்பே தொழில் படித்தவர். அவரிடம் கத்தியைக் காட்டினேன். வெளிச்சத்தில் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய் மடங்கிப் போயிருக்கு தம்பி. வாரோட கடைசியில கத்தியைத் தூக்கித் திருப்பறீங்களா?"

"ஆமாங்க."

"அதான். முதுகு வாரை விட்டு எழும்பவே கூடாது. தூங்குற கொழந்தை புரண்டு படுக்கும் பாருங்க, அப்படித் திருப்பணும். தோசை திருப்புற மாதிரி கூடாது."

அந்த ஒரு வார்த்தையில் மூன்று மாதக் குழப்பம் தீர்ந்தது. கத்தியைத் தூக்கித் திருப்பும்போது ஒவ்வொரு முறையும் வாய் வாரில் இடித்து மடங்கியிருக்கிறது. மடங்கிய வாயை வார் சரிசெய்யாது. மறுபடி கல்லுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இருக்கவே கூடாது. வார் தொய்ந்தால் வாய் அதில் அமுங்கி உருண்டுவிடும். கத்தியைப் படுக்கவையுங்கள், முதுகும் வாயும் இரண்டும் தோலைத் தொட வேண்டும். வாய் உங்களைப் பார்த்திருக்க, முதுகு முன்னே போகும்படி தள்ளுங்கள். கடைசியில் நிறுத்துங்கள். முதுகைத் தோலிலேயே வைத்து வாயை மேலாகப் புரட்டி எதிர்ப்பக்கம் படுக்கவையுங்கள். இப்போது முதுகு முன்னே வரும்படி உங்களை நோக்கி இழுங்கள். எந்தத் திசையில் போனாலும் முதுகுதான் முன்னால், வாய் பின்னால். அது மாறினால் வார் அறுபடும்.

போய்வந்தால் ஒன்று என்று கணக்கு வைத்து, வாரின் கித்தான் (முரட்டுத் துணி) பக்கம் 20, தோல் பக்கம் 50 போடுகிறேன். அழுத்தம் வேண்டாம், கத்தியின் எடை போதும். வேகமும் வேண்டாம். முதல் வாரம் கத்திக்குப் பதில் 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பழகுங்கள். அதன் ஒரு ஓரத்தை முதுகாக நினைத்துக்கொண்டு, அது எழும்பாமல் புரட்டப் பழகினால் போதும்.

வாரில் என் விருப்பம் 3 அங்குல அகலம். அதைவிடக் குறுகிய வாரில் கத்தியைக் குறுக்காக நகர்த்திக்கொண்டே தீட்ட வேண்டும், புதியவர்களுக்கு அது கூடுதல் சுமை. முதல் வார் விலை குறைந்ததாகவே இருக்கட்டும், அதில் வெட்டு விழாமல் யாரும் பழகியதில்லை. வாயை இன்னும் நைசாக்க பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவுவதாக இருந்தால் அதற்கென்று தனித் துணிவார் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தீட்டும் தோலில் தடவ வேண்டாம்.

தண்ணீர்

வாய் சரியான பிறகும் எரிச்சல் முழுதாகப் போகவில்லை. அக்கா வீட்டில் தங்கிய ஒரு சனிக்கிழமை காலை அதே சோப்பு, அதே பிரஷ்ஷில் நுரை கெட்டித் தயிர் மாதிரி நின்றது. என் வீட்டில் இரண்டே நிமிடத்தில் குமிழ் உடைந்து தண்ணீராக வழிந்துவிடும். அக்காவிடம் சொன்னேன்.

"உங்க ஏரியா டேங்கர் தண்ணியில பருப்பே வேகலைன்னு நீதானே சொன்னே. சோப்பு மட்டும் எப்படி நுரைக்கும்?" என்றாள்.

அவள் வீட்டுக்கு வருவது காவிரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பம்ப் செய்து மேலேற்றிக் கொண்டுவரும் ஆற்றுநீர். நகரத்தின் ஓரத்தில் எனக்கு வருவது டேங்கர் கொண்டுவரும் போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். வாளியின் ஓரத்தில் படிவது அதுதான். வழுக்க வேண்டிய சோப்பு கசடாகிப் போனால், முகத்தில் வெறும் தோலுக்கும் கத்திக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து நுரைக்கு மட்டும் குடிதண்ணீர் கேனிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துச் சுடவைத்துக்கொள்கிறேன். பிரஷ் நனைக்க, நுரை கட்ட அது தாராளம். கழுவுவதற்கு எந்தத் தண்ணீரும் சரி. உங்கள் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் நீங்களும் இதையே செய்யுங்கள்.

கேனில் அடைத்த நுரை வேண்டவே வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும். ஆரம்பத்துக்கு ட்யூபில் வரும் கிரீம் எளிது, எனக்குப் பிடித்தது வட்டச் சோப்பு. பிரஷ்ஷில் சிந்தெடிக் முடிதான் என் சிபாரிசு. மழைக்காலத்திலும் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

இனி சவரம்

குளித்து முடித்த கையோடு ஆரம்பியுங்கள். தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அது சுழித்துச் சுழித்துப் போகும், கன்னத்தில் இருக்கும் திசை அங்கே இருக்காது.

முதல் வாரம் ஒரு கன்னம் மட்டும், கிருதாவிலிருந்து தாடை வரை, மேலிருந்து கீழாக. மீதியை உங்கள் பழைய ரேசரில் முடியுங்கள். அடுத்த வாரம் மறு கன்னம். பிறகு கழுத்து. மேலுதடும் மோவாயும் கடைசி. மோவாய் வளைவில்தான் சாய்வு நம்மை அறியாமலே மாறிவிடும். அங்கே அரை அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள்.

சாய்வு சுமார் 30 டிகிரி. அலகைக் கன்னத்தில் படுக்கவைத்து, முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு முதுகுத் தடிமன் இடைவெளி வரும்வரை நிமிர்த்தினால் அந்தச் சாய்வு வந்துவிடும். மற்றொரு கையால் தோலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் வழுக்கினால் விரல் நுனியில் ஈரப் படிகாரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும். கத்தி வாயின் குறுக்காக மட்டுமே நகர வேண்டும். வாயின் நீளவாக்கில் ஓர் இம்மி நகர்ந்தாலும் அது அறுப்பது. கத்தி கைநழுவினால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள்.

முதல் மாதம் முடி வளரும் திசையில் ஒரே சுற்று. அங்கங்கே சொரசொரப்பு மிச்சமிருக்கும், இருக்கட்டும். எதிர்த்திசையில் போகும் ஆசையை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், படிகாரம். படிகாரம் சுரீரென்று எரியும் இடமெல்லாம் நீங்கள் அழுத்திய இடம். அடுத்த முறை அங்கே கையை லேசாக்குங்கள்.

கத்தியைக் குழாயில் இடிக்காமல் கழுவி, முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, மினரல் ஆயில் ஒரு சொட்டு தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். ஜூலை ஈரத்தில் ஓர் இரவு மறந்துபோய் வைத்ததற்கு என் கத்தியில் இன்னும் ஒரு புள்ளி இருக்கிறது.

பின்சேர்க்கை

இதைப் படித்த நண்பர்கள் சிலர் கேட்டதையும் சேர்க்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், முகத்தில் பருக்கள் பழுத்திருப்பவர்களும் இந்தக் கத்தியைத் தொட வேண்டாம். வீட்டில் அண்ணன் தம்பி என்றாலும் ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இப்படிப் பரவக்கூடியவை.

கேன் தண்ணீருக்குப் பதில் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதுமா என்று ஒருவர் கேட்டார். போதும். தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைத்து, ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுத் தண்ணீரில் நுரை கட்டிப் பார்த்து, முன்னைவிட மோசமாகிவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்து வரும். அது தரை துடைக்க ஆகட்டும். நுரைக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்.