ஹாலோ பாடி கிட்டாரில் ‘ஏ’ சுரத்துக்கு மட்டும் வந்த இரைச்சல்

செங்கோட்டையில் சாரல் பிடித்ததும் என் பழைய பாணி ஹாலோ பாடி (உள்ளே வெற்றிடமான உடல் கொண்ட) கிட்டார் ‘ஜிர்’ரென்று இரையத் தொடங்கியது. ஐந்தாம் கம்பியை அப்படியே மீட்டினாலும், ஆறாம் கம்பியை 5ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி மீட்டினாலும் அதே சத்தம். இரண்டும் ஒரே ‘ஏ’ சுரம், 110 ஹெர்ட்ஸ்.

கம்பி மாற்றியும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தளர்த்தியும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்தியும் பார்த்ததில் பல நாள் போனது. (பிரிட்ஜ் ஒட்டப்படாதது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.)

ஃப்ரெட் இரைச்சல் அந்த ஃப்ரெட்டோடு நின்றுவிடும். இதுவோ சுரத்தோடு இடம் மாறியது. அப்படியென்றால் கிட்டாரின் உடலில்தான் ஏதோ அதிர்கிறது. மீட்டிக்கொண்டே பிக்கார்டு (கீறல் படாமல் காக்கும் தகடு), டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பகுதி), குமிழ்களை விரலால் அழுத்தினேன். பலனில்லை. மல்லாக்கக் கிடத்தியதும் சத்தம் நின்றது!

மேல்பலகையில் ‘f’ வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் டார்ச் அடித்தேன். பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) ஒயரைப் பிடித்திருந்த டேப் ஈரத்தில் விட்டுப்போய், ஒயரின் வெற்று உலோகப் பின்னல் மேல்பலகையில் உரசிக்கொண்டிருந்தது. கொக்கிபோல் வளைத்த கம்பியால் மெதுவாக வெளியே எடுத்து (வெடுக்கென்று இழுத்தால் சால்டர் விட்டுவிடும்), மெல்லிய ஃபோம் பட்டை சுற்றி, நைலான் டையால் கட்டி உள்ளே விட்டேன். இரைச்சல் போனது. உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச் அடைக்காதீர்கள். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிட்டாருக்கே திரும்பி ஊளையிடுவது) குறையும், ஆனால் அந்தக் காற்றோட்டமான நாதமும் செத்துவிடும்.