ஐ.சி.யூ வாசலில் எடுக்கும் முடிவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைச்சாவையும் கோமாவையும் ஒன்றென நினைப்பதுதான் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கும் தவறு. கோமா என்பது உயிருள்ள நிலை. சிலர் மீண்டு வருவார்கள். மூளைச்சாவு என்பது மூளை முழுவதும் மீளாமல் செயலிழந்த நிலை, அதாவது இறப்பு. 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவக் குழு இதற்கான அளவுகோலை வகுத்த பிறகு பல நாட்டுச் சட்டங்களும் அதை ஏற்றன. ஆனால் கண் வேறு சொல்கிறது. இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், வென்டிலேட்டர் (செயற்கை மூச்சுக் கருவி) ஓடும்போது அது துடித்துக்கொண்டிருக்கும். உடல் சூடாக இருக்கும், மூளையின் உதவியின்றித் தண்டுவடமே எழுப்பும் அனிச்சைச் செயலால் விரல்கூட அசையும். பக்கத்தில் நிற்பவருக்கு நம்ப மனம் வராதது இயல்பே. அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும்.

மருத்துவர் பக்கத்துத் தவறு அவசரம். உடல் குளிர்ந்திருந்தாலோ, மயக்க மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தாலோ மூளைச்சாவுச் சோதனை பொய்யாகும். அதன் பகுதியான மூச்சுச் சோதனையில், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தை எட்டியும் மூச்சு எழவில்லையா என்று பார்ப்பார்கள். "மயக்க மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?" என்று குடும்பம் தயங்காமல் கேட்கலாம்.

வென்டிலேட்டரை எடுப்பதைக் கொலை என்று எண்ணுவது அடுத்த தவறு. அமெரிக்க இளம்பெண் கேரன் ஆன் குயின்லன் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல. நினைவு திரும்பாத நிலையில் இருந்தவர். 1976-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அனுமதித்து வென்டிலேட்டரை அகற்றியபின் தானே மூச்சுவிட்டு 1985 வரை வாழ்ந்தார். கருவியை எடுத்த பின் ஒருவர் இறந்தால், உயிரைக் கொண்டுபோவது நோய். "மாட்டினால் கழற்ற முடியாது" என்ற பயத்தில், பலன் தரக்கூடிய சிகிச்சையையே தொடங்காமல் விடுவதும் உண்டு. சில நாள் பார்ப்போம், முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவோம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். நிறுத்தும் நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். அதையும் அப்போதே கேளுங்கள்.

"சி.பி.ஆர். (நின்ற இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் முயற்சி) வேண்டாம்" என்ற குறிப்பு இதயம் நின்றால் மட்டுமே பொருந்தும். ஆன்டிபயாடிக்கோ வலி மருந்தோ அதனால் நிற்கக் கூடாது.

முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தில் "கருவிகள் வேண்டாம்" என்ற ஒற்றை வரி உதவாது. நிமோனியாவுக்கு இரண்டு நாள் வென்டிலேட்டரும் அதில் அடங்குமா? எந்த நிலையில், எந்தச் சிகிச்சை வேண்டாம், தனக்காகப் பேசுபவர் யார், அவர் இல்லையென்றால் யார் என்று எழுத வேண்டும். பிரதியை அவர்களிடமும் மருத்துவரிடமும் கொடுங்கள். பூட்டிய அலமாரியில் இருந்தால் நள்ளிரவில் கிடைக்காது.

அப்படிப் பேசுபவரிடம் "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதே பிழை. "அவரால் பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்க வேண்டும்.