யானைக்கால் நோய்: காலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

"என் கால் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு மாத்திரை?" யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையோடு வாசலுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். கொசுக்கடியால் உள்ளே போகும் நூல் போன்ற புழு, உடலின் திசுநீரை வடிக்கும் நிணநீர்க் குழாயில் வருடக்கணக்கில் உயிரோடு இருந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார். ஆனால் அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகும்.

பெரியவர்களுக்குப் புழுக்கொல்லி மருந்துகளான டி.இ.சி. 300 மி.கி., அல்பெண்டசோல் 400 மி.கி., வருடத்துக்கு ஒரே வேளை. வாங்கி டிவி மேல் வைக்காமல், சாப்பிட்டுவிட்டு பணியாளர் கண்ணெதிரே விழுங்கிவிடுங்கள். கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையாக நோயுற்றவர்கள் மட்டும் வேண்டாம். அப்புறம் லேசாகக் காய்ச்சல், தலைவலி வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் புழுக்கள் சாவதால் வருவது அது. இலங்கையில் 2002 முதல் 2006 வரை வருடந்தோறும் இப்படி ஊருக்கே மாத்திரை கொடுத்தார்கள். 2016இல் அங்கே இது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பகலில் ரத்தம் எடுத்து, "புழு இல்லை" என்று நிம்மதியாகிவிடுவதும் தவறு. நம் ஊர்ப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலோர ரத்தத்துக்கு வரும்.

இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர்தான் பிடிக்கும். குடத்தை மூடிவைத்தால் மட்டும் போதாது, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயிலும் வலை கட்டுங்கள்.

கால் வீங்கியவரை "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மாத்திரையால் அந்த வீக்கம் வடியாது, சரி. ஆனால் அடிக்கடி குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வலிப்பது, விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைவதால். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் கால் இன்னும் தடிக்கிறது. அதைத் தடுக்க சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். தினமும் மடிப்புகளுக்குள் விரல் விட்டு மெதுவாகக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். காய்ச்சல் வந்த நாளில் எண்ணெய் போட்டு நீவுவதும் சூடு வைப்பதும் கூடவே கூடாது, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

விரை வீக்கம் வந்த ஆண்கள் வெட்கத்தில் வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். அதை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம்.